பிள்ளைப்பேற்றுக்குப் போன தீவு

கடலுக்கும் கரைக்கும் உள்ள வழக்கு எந்தக் காலத்தில் தொடங்கியது என்று சங்குமுனையில் யாருக்கும் தெரியாது, ஆனால் கடல்தான் ஜெயித்துக்கொண்டு வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். முதலில் அது வலை காயப்போடும் மணலைத் தின்றது, பிறகு அந்தோணியார் குருசடியைத் தின்றது, பிறகு முதல் வரிசை வீடுகளைத் தின்றது, அடுத்த வரிசையையும் தின்று ஏப்பம் விட்டபோது, கட்டின நாளிலிருந்து மூன்றாம் வரிசையில் அடக்கமாக இருந்த கயித்தான் வீடு ஊருக்கே முகப்பு வீடாகிப் போனது.

கயித்தானின் பெண்டாட்டி சலேத்தம்மாள் அந்த வீட்டு வாசலில்தான் நெத்திலி காயப்போட்டு விற்றுவந்தாள். அலை வாசலை எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்று அதையே பார்ப்பாள், ஏனென்றால் அவளுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. அவள் பிறந்த புன்னைத்துறையை, அவள் கல்யாணமாகி வந்த மறுவருஷமே கடல் முழுசாக வாரிக்கொண்டு போய்விட்டது. சொந்தபந்தமெல்லாம் தூத்துக்குடிக்கும் பம்பாய்க்கும் சிதறிவிட்டார்கள். வத்தத்தில் தண்ணீர் இறங்கும்போது கோயில் உச்சியில் இருந்த சிலுவை மட்டும், தலை துவட்ட எழுந்த ஆள் போல வெளியே தெரியும். சலேத்து பிள்ளை உண்டானபோது அவளுக்கு வளையல் போடவில்லை. “வளையல் போட்டா தாய்வீட்டுக்கு அனுப்பணும், இவள எங்க அனுப்ப, மீனுகிட்டயா?” என்று மாமியார் சொன்னாள், அது கேலி கூட இல்லை, நிஜமான கேள்வி. மூன்று பிள்ளைகளையும் சலேத்து மாமியார் வீட்டு அடுப்படி ஓரத்திலேயே பெற்றாள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் போனார்கள். “போயிட்டு வாம்மா” என்று அவளை வழியனுப்ப யாருக்கும் அதுவரை வாய்க்கவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு மார்கழிக் காலையில், ஊரே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட மூங்கில் பிளந்துகொண்டிருந்தபோது, சலேத்து நெத்திலிப் பாயோடு வாசலுக்கு வந்தாள், எதிரே ஒரு தீவு நின்றது. முந்தின சாயங்காலம் அந்த இடத்தில் தண்ணீர்தான் கிடந்தது. இப்போது ஓரத்தில் நாலு தாழம்புதர், நடுவில் ஊதாப் பூவோடு அடம்பங்கொடி, தலைமாட்டில் நாலைந்து கடற்காக்கைகள், மற்றபடி வெள்ளை வெளேரென்று மணல். சலேத்து பாயை விரித்தாள், நெத்திலியைக் கொட்டினாள், ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரத்தினாள், பிறகுதான் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

“ஏங்க, வாசல்ல ஒரு தீவு வந்து நிக்கி.”

“யாரத் தேடுதாம்?” என்று கேட்டான் கயித்தான், பல் துலக்கிக்கொண்டே.

ஊர்க்கமிட்டித் தலைவர் மிக்கேல் வந்து பார்த்தார். அவர் கயித்தானின் அக்கா பிரகாசியின் புருஷன். அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித்தரச் சொல்லி அவர் போடாத மனு இல்லை. “கல்லு கேட்டோம், மண்ணு அனுப்பிருக்கான். கவருமெண்டுக்கு எப்பவும் பாதிதான் காது கேக்கும்,” என்றார். பங்குச் சாமியார் வந்து, இருக்கட்டும் என்று நாலு சொட்டு மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். கிராம அலுவலர் சங்கிலி பிடித்து அளந்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், அதற்குமேல் யாருக்கும் அதில் கேட்க ஒன்றும் இல்லை. ஏனென்றால் அதற்குள் ஊர் முழுக்க ஒன்றைக் கவனித்துவிட்டது: ஆளை விழுங்குகிற மாதிரி வரும் அலை, தீவைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வரும்போது, மாமியார் முன்னால் நடக்கும் புது மருமகள் போல அடி மேல் அடி வைத்து வந்தது.

அதை வைத்தே பெண்கள் தீர்மானித்துவிட்டார்கள், வந்தது பெண்தான் என்று. ஆணாக இருந்தால் நேராகக் கரையில் வந்து முட்டியிருப்பான். இவள் கொஞ்சம் தள்ளி, நிலைப்படியில் காலை வைக்கவா வேண்டாமா என்று நிற்கிற மாதிரி அல்லவா நிற்கிறாள். பெண் என்றால் மாப்பிள்ளை யார்? கரைதான், வேறு யார். அன்றிலிருந்து அவளுக்கு வந்தவள் என்று பேர் வைத்து, போகிற வருகிற வள்ளமெல்லாம் “வந்தவளே, சாப்டியா?” என்று குரல் கொடுத்துப் போகிற வழக்கம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகள் அங்கே போய் விளையாடினார்கள், பெண்கள் பேன் பார்த்தார்கள், ஆண்கள் கிழிந்த வலை பொத்தினார்கள்.

மாசி மாதம் கிராம அலுவலர் திரும்ப வந்து அளந்தார். முன்னே எழுதினதைவிடப் பெரிதாக இருந்தது. பங்குனியில் வந்து அளந்தார், இன்னும் பெரிது. தப்பு சங்கிலியிலா தன்னிலா என்று தெரியாமல் அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது சலேத்துதான் பிரகாசியின் காதோரம் சொன்னாள்.

“மைனி, போன வாரம் நான் இங்க மறந்து வச்சிட்டுப் போன மாங்காக் கீத்து ஒண்ணக் காணும். புளியும் காணும். நடு மணல் எப்படிப் பொம்முன்னு எழும்பிருக்கு பாத்தியளா?”

பிரகாசி பார்த்தாள். கிராம அலுவலரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். “சங்கிலியச் சுருட்டிட்டுப் போங்க சார். பொம்பள விசயம். எங்க பொண்ணு முழுகாம இருக்கா.”

அன்றைக்குச் சங்குமுனையில் கருப்பட்டி கிடைக்காமல் போனது. வீட்டுக்கு வீடு பணியாரம் சுட்டார்கள்.

வைகாசி பிறந்ததும் வளையல் போடுகிற பேச்சு வந்தது. அப்போதுதான் மிக்கேல் கோயில் முற்றத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து, அவர் முகத்தில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கவலையோடு பேசினார்.

“நல்லா யோசிச்சுக்கிடுங்க. வளையல் போட்டா மறுநா தாய்வீட்டுக்கு அனுப்பணும். அனுப்பிட்டு, ஆடிக் கச்சான் காத்து அடிக்கையில அலைய எத வச்சித் தடுக்க? என் வேட்டிய வச்சா?”

“அது ஏற்கெனவே அலை அடிச்ச மாதிரிதான் கெடக்கு,” என்றாள் பிரகாசி.

“கச்சானுக்கு மொத வீடு சலேத்து வீடு. அது போச்சுன்னா அடுத்தது நம்ம வீடு. சிரி.”

சிரிப்பு நின்றது. எல்லாரும் சலேத்துவைப் பார்த்தார்கள். வளையல் போடாமல் விட்டுவிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். சலேத்து எழுந்தாள். “அது வேண்டாம்ணே,” என்று மட்டும் சொன்னாள். “யாருக்கும் அப்படிச் செய்யாண்டாம்.”

பிறகு மிக்கேலின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆனது. “ஒண்ணு செய்வோம். நாம மாப்பிள்ள வீடு கெடையாது. நாமதான் தாய்வீடு! வயித்துப் பிள்ளக்காரி தாய்வீட்ட விட்டு எங்க போவா? இங்கயே இருந்து பெத்துக்கிடுவா. தாய்வீட்டு ஆளுவளா நின்னு வளையல் போட்டுருவோம்.”

ஊரே ஆஹா என்றது. பெற்ற தாயாக நிற்பதற்கு, தீவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்பதால் சலேத்துவை நியமித்தார்கள். தாய்வீட்டார் என்ன பேச வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தத் தட்டை யார் எடுக்க வேண்டும் என்று பெண்கள் ஒத்திகை பார்த்தார்கள். மிக்கேல் சாமியாரிடம் போய், “சாமி, தீவுக்கு வளையல் போட்டா வேதத்துக்கு விரோதமா?” என்று கேட்டார்.

“வேதத்துல தீவு வருது, வளையலும் வருது. ரெண்டையும் சேத்து ஒண்ணும் எழுதல,” என்றார் சாமியார். “புளிச்சோறு உண்டுமா?”

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அண்டா அண்டாவாகக் கிண்டி வள்ளத்தில் ஏற்றினார்கள். தாழம்புதர் கிளையெல்லாம் கண்ணாடி வளையலை மாட்டினார்கள், காற்றுக்கு அது கிலுகிலுவென்று சிரித்தது. வடக்கே கை நீட்டின மாதிரி கிடந்த மணல் நாக்குக்கு, பழைய வலையின் மிதவைக் கயிற்றை, சிவப்பும் பச்சையுமாக மிதவைகள் கோர்த்தபடியே, பெரிய வளையலாகச் சுற்றினார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் எத்தனை வருஷத்துப் பழக்கம் கையில் ஊறிக் கிடக்கிறது! முதல் வளையலைச் சலேத்து எடுக்கும் முன்னே பிரகாசி முண்டிக்கொண்டு வந்து, “தள்ளுங்க, தள்ளுங்க, நாத்தனார் நான் இருக்கையில யாரு மொதல்ல போட?” என்று மாட்டிவிட்டாள். அது மாப்பிள்ளை வீட்டு முறையல்லவா, மிக்கேல் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கிழவி பழக்கதோஷத்தில் வழிப்பலகாரப் பானையைத் தூக்கித் தீவின் நடுவில் வைத்தாள். ஒருத்தி வழித்துணைக்கு வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். கடைசியில் எல்லாரும் வள்ளம் ஏறினபிறகு சலேத்து ஒருத்தி மணலில் நின்றாள். அவள் குனிந்து, ஈர மணலில் உள்ளங்கையை வைத்து, தனக்கு ஒருவரும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னாள். வாய் தவறிப் போனதா, மனசு தெரிந்தே சொன்னதா, அவளுக்கே பின்னால் புரியவில்லை.

“போயிட்டு வாம்மா. பிள்ளையோட வா.”

மறுநாள் விடிந்தபோது வாசலில் வெறும் தண்ணீர் கிடந்தது. தெற்கே தொடுவானத்தில், வெள்ளையாக, கொஞ்சம் அசைந்து அசைந்து, இடுப்பில் கைவைத்து நடக்கும் நிறைமாசக்காரி போல ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“கெடுத்தியே சலேத்து!” என்றார் மிக்கேல். “ஊரே மாமியாரா நின்னுருக்கு, நீயாவது தாயா இருந்திருக்கக் கூடாதா?”

“தாயா இருந்துதாம்ணே சொல்லிட்டேன்,” என்றாள் சலேத்து.

ஆனியில் காற்று திரும்பியது. ஆடியில் கச்சான் முழுப் பலத்தோடு இறங்கியது. நெத்திலிப் பாய் விரிக்கிற இடம் போனது, தண்ணீர்த் தொட்டி போனது, முருங்கை மரம் காயோடு போனது. ஒரு மத்தியானம் அலை வாசற்படியைக் கடித்துப் பாதியை விழுங்கியது. பிரகாசி வந்து பாத்திர பண்டங்களைக் கட்டச் சொன்னாள். சலேத்து மூட்டை கட்டத்தான் செய்தாள், ஆனால் அதில் போட்டது வேறே சாமான்: பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடிக்கச் சுக்கும் மிளகும், நல்லெண்ணெய், கருப்பட்டி, குழந்தைக்கு அரைஞாண் கொடி.

“எங்கட்டி புறப்பாடு?” என்றான் கயித்தான்.

“கூட்டிட்டு வர. பொண்ணு தாய்வீட்டுல இருந்து தானா நடந்து வருவாளா? நாமல்லா போயிக் கூப்பிடணும். நாம இங்க வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், அவ அங்க வழியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா.”

கயித்தான் வாயில் வைத்த வெற்றிலையை மெல்லாமல் நின்றான். ஊரில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. சேதி கேட்ட மிக்கேலுக்கு ரோஷம் வந்துவிட்டது, கூப்பிடப் போகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டு மரியாதை என்னாவது. ஆனாலும் முணுமுணுத்தார். “ஆடியில யாராவது மருமவளக் கூட்டிட்டு வருவாளா?”

“கடலு ஆடின்னு பாத்தா அடிக்காம இருக்கு?” என்றாள் சலேத்து.

கயித்தான், சலேத்து, மிக்கேல், பிரகாசி, நாலு பேரும் வள்ளம் ஏறினார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போகிற ஆட்கள் என்று காற்றுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அன்றைக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. வழி கேட்க ஆள் தேவைப்படவில்லை. போகிற வழியெல்லாம் அவள் கை வளையலிலிருந்து கழன்ற மிதவைகள், ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு என்று தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றன. பச்சைத் தண்ணீரைத் தாண்டினார்கள், நீலத் தண்ணீரைத் தாண்டினார்கள், தூண்டில் கயிறு போட்டால் அடி தட்டாத கறுப்புத் தண்ணீருக்கு வந்தார்கள். அங்கேதான் இருந்தது தாய்வீடு.

அப்படி ஒரு குடும்பத்தை அவர்கள் கண்டதில்லை. கடலுக்கு அடியில் நெருப்பு பொத்துக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க மேலே எழும்பிவந்த தீவுகள், அடுப்படியை விட்டு இப்போதுதான் எழுந்த பெரியம்மாக்கள் போல, உச்சியில் புகையோடும் உடம்பெல்லாம் கரியோடும் வேர்த்துக்கொண்டு நின்றன. பவளப்பூச்சிகள் கட்டின தீவுகள், அவசரமே இல்லாத அத்தைமார் போல, நாளுக்கு ஒரு கண்ணி என்று வட்ட வட்டமாகப் பின்னிக்கொண்டு நடுவில் பச்சைத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டிருந்தன. முங்கிப்போன மலையின் உச்சி மட்டும் மிஞ்சின கிழட்டுத் தீவுகள், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தன. ஆறு கொண்டுவந்து கொட்டின மண்ணால் ஆன இளசுகள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தன. கல்யாணமாகிப் போகிறவள் ஒரு திக்கில், பிள்ளைப்பேற்றுக்கு வருகிறவள் ஒரு திக்கில், ஒரு தீவு உதிர்த்த தேங்காய் மிதந்து போய் இன்னொரு தீவில் முளைக்க, ஒன்றின் பறவை மற்றதில் முட்டையிட, இப்படித்தான் உலகத்துக் கடலெல்லாம் இவர்கள் சொந்தம் பரவிக் கிடக்கிறது போலிருக்கிறது. நடுவில் வந்தவள் இருந்தாள். அவள் மடியோரத்தில், வலை காயப்போடும் அளவுக்கு, ஈரம் காயாத ஒரு சின்ன மணல்.

“பொட்டப்பிள்ள!” என்றாள் பிரகாசி. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் கிட்டே போக முடியவில்லை. நீரோட்டம் வள்ளத்தைத் திருப்பித் திருப்பி வெளியே விட்டது. கயித்தான் எஞ்சினை முடுக்கினான், வள்ளம் மறுபடியும் சுற்றி வந்த வழியிலேயே நின்றது.

“மூஞ்சியத் திருப்புதாவ,” என்றார் மிக்கேல். “லேட்டா வந்துட்டோம்லா.”

சலேத்து வள்ளத்தில் எழுந்து நின்றாள். முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். கல்யாண வீட்டில்கூட நாலு பேர் முன்னால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினவள் இல்லை.

“பெரியவங்க எல்லாரும் கோவிச்சுக்கிடாதீய. பிள்ள பெத்த சேதி கேட்டு மறுநாளே வந்துருக்கணும், தப்புதான். என் வீடு இடியுது. அதுக்குத்தான் வந்திருக்கேன்னு நெனப்பீய. அதுக்கும்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் பிள்ள பெத்தப்ப எனக்குப் போவ ஒரு வீடு இல்ல. போன்னு சொல்லவும் ஆளில்ல, வான்னு கூப்புடவும் ஆளில்ல. ஒங்க மவளுக்கு ரெண்டும் இருக்கும். அவ எப்ப இங்க வரணும்னு நெனச்சாலும் நான் அனுப்புவேன். என் வீடு போனாலும் சரி, அனுப்புவேன். அவளக் கூப்புட நானே வருவேன்.”

அவள் அரைஞாண் கொடியைத் தண்ணீரில் நீட்டினாள்.

பிறகு ஒரு கரிப் பெரியம்மா பெருமூச்சு விட்ட மாதிரி லேசாகப் புகை போனது. நீரோட்டம் தளர்ந்தது. சம்பந்திகளை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று, தேங்காய் நாலு உருண்டு வந்து வள்ளத்தை முட்டியது, இரண்டு வாளை மீன் தாமாகத் துள்ளி உள்ளே விழுந்தது. “நல்ல எடத்துலதான் சம்பந்தம் வச்சிருக்கோம்,” என்று கயித்தான் மீனை எடுத்து மறைத்து வைத்தான்.

திரும்பும்போது சலேத்து ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை. பிள்ளைக்காரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கண்ணேறு படும். பின்னால் கண்ணாடி வளையல் கிலுகிலுப்பு மட்டும் கூடவே கேட்டுக்கொண்டு வந்தது.

அவர்கள் ஊரை அடைந்தபோது வாசற்படி முழுசாகப் போயிருந்தது, முன்சுவர் விரிசல் விட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, பனை உயரத்துக்கு ஒரு அலை அதை முடித்துவிடக் கிளம்பி வந்துகொண்டிருந்தது. வந்தவள் பிள்ளையோடு மூச்சிரைக்கத் தன் இடத்தில் வந்து நின்றாள். அலை அவளைப் பார்த்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்து, இல்லாத வாசற்படியில் கொஞ்சம் நுரையை வைத்துவிட்டுப் போனது.

பிள்ளைக்கு அமலி என்று பேர் வைத்தார்கள். தாய்க்கும் கரைக்கும் நடுவில் அலையில்லாத தண்ணீரில் அவள் தொட்டில் ஆடினாள். வருஷங்கள் போகப் போக, மேலே பச்சைப் பாவாடை மாதிரி கொடி படர்ந்து, பார்க்கிறவர் கண்படும் அளவுக்கு வளர்ந்தாள். சங்குமுனையில் தீவு வளர்கிறது என்ற சேதி கடலோரமெல்லாம் பரவியது. கடல் கடித்த ஊர்க்காரர்கள் எல்லாம் வெற்றிலைத் தட்டோடு பெண் கேட்டு வரத் தொடங்கினார்கள். “எங்க ஊர்ல ரெண்டு பஸ் வருது,” என்றான் ஒருவன். “எங்க கோயில் கோபுரத்துல டியூப்லைட் போட்டிருக்கோம்,” என்றான் இன்னொருவன். சலேத்து எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: “தாய்வீட்டுக்கு அனுப்புவியளா?” அனுப்புவோம் என்று சொல்ல ஒரு கணம் தயங்கினவனைக்கூட, காப்பி கொடுத்து, வெறுங்கையோடு வழியனுப்பி வைத்தாள்.

கடைசியாகத் தலை நரைத்த நாலு பேர் வந்தார்கள், பம்பாயிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும். அவர்கள் தட்டில் வெற்றிலை தவிர வேறொன்றும் இல்லை. புன்னைத்துறைக்காரர்கள் என்று சொன்னார்கள். பிறந்த ஊர்ப் பேரைக் கேட்டதும் சலேத்து காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“புன்னைத்துறையா? மாப்பிள்ள தண்ணிக்குள்ளல்லா இருக்காரு?” என்றார் மிக்கேல்.

“தலை வெளிய தெரியுதுண்ணே,” என்றார் அவர்களில் ஒருவர். “வத்தத்துல சிலுவ தெரியும். பொண்ணு வந்து பக்கத்துல நின்னா, மாப்பிள்ளயும் மெதுவா எந்திரிச்சிருவாரு.”

சலேத்து கேள்வி கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள். “எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி இங்க இருக்கா. அவளுக்கு இத்தன வருசமா வந்துபோக எங்களால ஒரு வாசல் காட்ட முடியல. அந்த வருத்தம் எங்களுக்கு இருக்கு. உங்க பிள்ளைய எப்பவும் தாய்வீட்டுக்கு அனுப்புவோம்.”

ஊர்வலமாக வள்ளங்கள் முன்னே போக அமலி போய்ச் சேர்ந்தாள். சிலுவைக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் வருஷம் மணல் ஒதுங்கியது, மறுவருஷம் கோயில் படிக்கட்டு ஈரத்தோடு எழும்பியது, அதற்கடுத்து ஒரு தெரு. இரண்டு குடும்பங்கள் திரும்பி வந்து ஓலைக் கொட்டகை போட்டு, அடுப்பு மூட்டி, முதல் சேதியாகச் சங்குமுனைக்கு ஆள் விட்டார்கள்: சலேத்துவை வரச் சொல்லுங்கள்.

பிள்ளை பெறும் வயசெல்லாம் என்றைக்கோ போய்விட்டது. ஆனாலும் பிரகாசி விடவில்லை, சலேத்துவை உட்காரவைத்து இரண்டு கைக்கும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினாள். புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். வந்தவள் கிளையில் வளையல் கிலுங்கியது. வள்ளம் ஏறும்போது ஊரே கரையில் நின்று, “போயிட்டு வா சலேத்து,” என்று ஒரே குரலில் சொன்னது.

கயித்தான் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அவள் இல்லாமல் அவன் ஒரு வேளைச் சோறு தின்றதில்லை.

“ஏட்டி, எப்ப வருவே?”

சலேத்து வளையலைச் சரிசெய்துகொண்டாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட வராத ஒரு மிடுக்கோடு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க வந்து கூப்புடுங்க. நான் தானா வரமாட்டேன்.”